வாசனை இல்லாத துணி

"இன்னும் ரெண்டு தட்டுதான். முடிச்சுட்டு வரேன், நீ போ" என்றாள் பெரியவள், திரும்பிப் பாராமலே.

கண்ணாடித் தட்டில் வெண்ணெய் தடவினாற்போல் தடவியிருந்த வெள்ளைக் கொழுப்பின் மேல் சம்பங்கிப் பூக்கள் முகம் கவிழ்ந்து கிடந்தன. இடுக்கியால் காம்பைப் பிடித்து ஒரு பூவைத் தூக்குவாள். லேசாக ஒரு சொடுக்கு. ஒட்டிக்கொண்டிருந்த கொழுப்பு தட்டிலேயே விழும். பூவை வாளியில் போடுவாள். அடுத்த பூ. இதழ்களின் ஓரம் பழுப்பேற ஆரம்பித்திருந்தது. இரண்டொன்றில் பழுப்பு உள்வரைக்கும் போயிருந்தது.

தம்பி வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். தலை முழுக்க நரைத்துப் பேரன் எடுத்தவன். ஆனால் பெரியக்கா முன்னால் மட்டும் இன்னும் அரைக்கால் சட்டை போட்டவன் மாதிரிதான் நிற்பான்.

"கூடம் நெறஞ்சுபோச்சு பெரியக்கா. வர்றவங்க எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. நீ என்னடான்னா இங்க உக்காந்து பூ பொறுக்கிட்டிருக்கே."

"பொறுக்கலைன்னா அழுகிடும்."

"அழுகினா அழுகட்டுமே! செத்துக் கெடக்கறது நம்ம சின்னக்கா."

"யாரு செத்ததுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"பூ அழுகினா கொழுப்பும் சேந்து கெட்டுடும்டா. நாள் தவறாம புதுப் பூ மாத்தி மாத்தி ஏத்தின வாசனை இது. பரப்புறது அவ. பொறுக்குறது நான். அவ பரப்பி வெச்சுட்டுப் போயிட்டா. என் வேலைதான் பாக்கி நிக்குது."

அவன் போய்விட்டான்.

சம்பங்கிக்குச் சூடு ஆகாது. கொதிக்க வைத்து ஆவி பிடித்தால் பூ வெந்துபோகுமே தவிர வாசனை வராது. அதனால்தான் இந்தக் கொழுப்புத் தட்டு. பறித்த பிறகும் ஒரு நாள் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பூ அது. அந்த மூச்சைக் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொள்ளும். கடைசியில் கொழுப்பைச் சாராயத்தில் அலசி வாசனையைப் பிரித்தெடுப்பாள் சின்னவள். வேரும் பட்டையும் பாசியும் பூவும் தோலும் தவிர வேறொன்றும் அவள் அலமாரியில் இருந்ததில்லை. ஆலையில் செய்த மணம் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரக் கூடாது. அலமாரியில் இருந்ததை வைத்தே தைலங்களும் அத்தர்களும் கூட்டினாள். வாரக் கடைசியில் முன்னறையில் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்துக் கூட்டவும் சொல்லிக்கொடுத்தாள். பெரியவளுக்கு இந்த வித்தையில் இருந்த பங்கு ஒன்றே ஒன்று: பூ பொறுக்குவது. அதுவும் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் காலமெல்லாம் தாள் மடித்துத் தைத்த விரல்கள் என்பதால் கிடைத்த பங்கு. "உன் கையி பூவுக்கு வலிக்காது அக்கா" என்பாள் சின்னவள். அது பாராட்டா, வேலை வாங்கும் தந்திரமா என்பது கடைசிவரை விளங்கவில்லை.

நேற்றும் இதே அறைதான். சின்னவள் பூவைப் பரப்பி முடித்தாள். முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடினால் யாரும் பேசக் கூடாது. அந்த வீட்டில் எழுதி ஒட்டாத சட்டம். கண் மூடியிருக்கிறாள் என்றால் ஏதோ ஒரு வாசனையின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள். பாதி வழியில் கூப்பிட்டால் அது கை நழுவிவிடும். அப்புறம் அன்று பொழுதுக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்லப்போய்ப் பெரியவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

பெரியவள் டீயோடு வந்தாள். எட்டிப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. டம்ளரைச் சன்னல் விளிம்பில் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனாள். துணி காயப்போட்டாள். காய் நறுக்கினாள். மறுபடி வந்து பார்த்தாள். மூடின கண் மூடினபடி. டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது. 'இன்னிக்கு ரொம்ப தூரம் போயிட்டா' என்று நினைத்துக்கொண்டு, அந்த டீயை எடுத்துப்போய்ச் சூடாக்கித் தானே குடித்தாள். வீணாக்க மனசு வராது அவளுக்கு. புதிதாக ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் ஒரு ஈ வந்து சின்னவளின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. சின்னவள் அதை விரட்டவில்லை.

"எப்போ ஆச்சும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

முதல் டீக்கும் ரெண்டாவது டீக்கும் நடுவுல என்று வாய் வரை வந்தது.

"தெரியல" என்றாள்.

கடைசிப் பூவையும் எடுத்துப் போட்டுவிட்டு இடுக்கியைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினாள். தட்டுகளைப் பலகைச் சட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். கையை மணமில்லாத சோப்பில் கழுவினாள். பிறகு கூடத்துக்குப் போனாள். போனவள் கதவருகே நின்றுவிட்டாள்.

"யாரு அடிச்சது இதை?"

கூடத்தில் பேச்சு அடங்கியது. சுவரோரம் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த வண்டிக்காரர், கையில் ஸ்ப்ரே டப்பாவோடு முன்னால் வந்தார். தம்பி ஏற்பாடு செய்த அமரர் வண்டியின் ஆள்.

"நான்தாம்மா. போற வீட்டுல எல்லாம் அடிக்கறதுதான். காசு தனியாக் கெடையாது."

"என்னது அது?"

"ரோஜாம்மா."

"ரோஜாவா?"

"டப்பாவுல அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்றார், பாவம், டப்பாவைத் திருப்பிக் காட்டி.

மூலையில் யாரோ தும்முவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள். பெரியவள் ஒவ்வொரு சன்னலாகத் திறந்துகொண்டே போனாள். கொண்டி இறுகிப்போன சன்னலைக் கையால் குத்தித் திறந்தாள்.

"சாவு வீடு அண்ணி. நாலு பேர் வந்து போற எடம்" என்றாள் தம்பி பொண்டாட்டி, முந்தின நாள் முதல் அழுது அழுது கம்மிப்போன குரலில். "வாழ்நாள் பூரா வாசனையோடயே இருந்தவங்க. கடைசில ஒரு வாசனையும் இல்லாமலா அனுப்பறது?"

"வாசனையோட இருந்தது அவ அலமாரி. அவ இல்ல. நீ இந்தக் குடும்பத்துக்கு வந்ததுலேருந்து ஒரு நாளாச்சும் அவ மேல ஏதாவது வாசம் அடிச்சுப் பாத்திருக்கியா?"

"கிட்டப் போனாத்தானே தெரியும்? என்னைத்தான் எப்ப வந்தாலும் சன்னலோரமா உக்காத்தி வெச்சுடுவாங்களே. 'கொஞ்சம் காத்தாட உக்காரும்மா'ன்னு!"

"நீ பூசிட்டு வர்றது அப்படி."

"ஒசத்தியான செண்டுதான் அண்ணி அது."

"அதான் அவளே சொன்னாளே, ஒசத்தியான கரப்பான் மருந்துன்னு."

தம்பி பொண்டாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. பெரியவளின் தோளில் சாய வந்தவள், ஏதோ ஞாபகம் வந்தவள்போல் ஓரடி தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டு வழக்கம் அவளையும் விடவில்லை.

சின்னவள் கட்டிலில் நேராகப் படுத்திருந்தாள். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அப்படி நேராகப் படுத்தவளில்லை. காதோரம் எப்போதும் ஒரு காகிதப் பட்டையைச் செருகியிருப்பாள், தச்சர் பென்சில் செருகுவதுபோல. முனையில் ஏதாவது ஒரு சொட்டு நனைத்து, ஒரு நாளைக்குள் அது எப்படி மாறுகிறது என்று அடிக்கடி எடுத்து மோந்து பார்க்க. நேற்று அதை எடுத்தது பெரியவள்தான். எடுத்தவள் தூக்கிப் போடவும் இல்லை, மோந்து பார்க்கவும் இல்லை. அது பூ அறைச் சன்னலில், ஆறிப்போன இரண்டாவது டீக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

இருவருக்கும் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகச் செத்துப்போய்விட்டார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சின்னவளின் மூக்குக்காக வீட்டில் மணக்கிற சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, பினாயில் கிடையாது. தரையை வெந்நீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். வகுப்பு நாளில் தாளிப்பு கிடையாது. வெங்காயத்துக்கு வீட்டுக்கு வெளியேதான் வாழ்வு. அச்சகத்திலிருந்து வந்தால் பின்வாசல் வழியாக வந்து, பசையும் மையும் போகத் தேய்த்துக் குளித்து, பருத்தி நைட்டிக்கு மாறிக்கொண்டுதான் உள்ளே நடமாட வேண்டும். அப்படியும் சின்னவளிடம் எதையும் மறைக்க முடியாது. "பஸ்ஸுல பக்கத்துல யாரோ ஆரஞ்சு உரிச்சாங்க போலிருக்கே?" என்பாள் சமையலறையிலிருந்தே. அந்த மூக்குக்கு ஊரில் ஒருத்தர் பாக்கியில்லை. தபால்காரர் நனைந்த தோல். எதிர்வீட்டம்மா பால் பொங்கின அடுப்பு. தம்பி புதுப் பேப்பர், அதுவும் இன்னும் யாரும் பிரிக்காத பேப்பர். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசனை கட்டினாள். தம்பி மகள் கல்யாணத்துக்கு ஒன்று. வங்கி மேலாளரின் அம்மாவுக்கு ஒன்று. எதிர்வீட்டம்மாவுக்குக்கூட ஒரு குட்டிப் புட்டி.

ஒரு நாள் பெரியவள் கேட்டுவிட்டாள். பூ பொறுக்கிக்கொண்டே, சும்மா கேட்பதுபோல்.

"ஊருக்கெல்லாம் கட்டித் தரே. எனக்கு ஒண்ணு கட்டினா என்ன கொறஞ்சா போயிடுவே?"

"உனக்கு எதுக்கு?"

"சரி, கட்ட வேணாம். ஆளாளுக்கு ஒரு வாசம்னு சொல்றியே, எனக்கு என்ன வாசம்? அதையாச்சும் சொல்லு."

சின்னவள் கொழுப்புக் கையோடு எழுந்து வந்தாள். பெரியவளின் தோளுக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு நேரம் அவள் எந்தப் புட்டியையும் மோந்ததில்லை. பெரியவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள், எக்ஸ்ரேக்கு நிற்பதுபோல.

"ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் தட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவ்வளவுதான். பெரியவள் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தபால்காரனுக்கு இருக்கிறது, எதிர்வீட்டம்மாவுக்கு இருக்கிறது. கூடப் பிறந்து, இடுப்பில் தூக்கி வளர்த்து, ஒரே பாயில் படுத்தவளுக்கு ஒன்றுமில்லை. இன்னொரு நாள் கேட்டிருக்கலாம். இனிமேல் கேட்பதற்கு ஆள் இல்லை. காலையிலிருந்து பூ பொறுக்கும்போது அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

சன்னல் வழியே ரோஜா ஒருவழியாக வெளியேறிய பிறகு சின்னவளின் வகுப்பு மொத்தமும் சேர்ந்து வந்தது. மாணவர்கள் என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை. ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள். கணக்கு வாத்தியார் ஒருவர், பேக்கரி நடத்தும் தம்பதி, இன்னும் இரண்டு மூன்று பேர். டீச்சர் வீட்டுக்கு வருவதால் ஒருவரும் எதையும் பூசிக்கொண்டு வரவில்லை. கையில் பூவும் இல்லை. வந்து கட்டிலைச் சுற்றி வகுப்பில் நிற்பதுபோல் அரைவட்டமாக நின்றார்கள்.

மருந்துக்கடை அம்மாள்தான் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நாங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கோம். டீச்சர் கிட்ட கத்துக்கிட்டுப் பண்ணதுலயே எது நல்லா வந்துச்சோ, அது. எல்லாத்துலயும் ஒரு சொட்டு எடுத்து ஒண்ணாக் கலந்து, டீச்சர் கையில மட்டும் தடவி விடலாம்னு…"

"வேணாம்."

"ஒரு சொட்டுதான் அக்கா."

"அவ ஒடம்புல அவளே ஒரு சொட்டு போட்டுக்கிட்டதில்லம்மா. 'நான் பூசிக்கிட்டா அப்புறம் ஊரை எதை வெச்சு மோந்து பாப்பேன்'ம்பா. எப்படி இருந்தாளோ அப்படியே போகட்டும்."

"சொன்னேனே, கேட்டியா?" என்றார் டிரைவர் தணிந்த குரலில். "நல்ல வேளை, டீச்சருக்குக் காது கேக்கல. நம்ம ஆளுக்கு ஒண்ணைக் கலந்தா என்ன வரும்? என்னோடதுல வெட்டிவேர் தூக்கல். வாத்தியாரோடதுல கிராம்பு கிராம்பா அடிக்கும். எல்லாரையும் புட்டி கழுவ அனுப்பியிருப்பாங்க."

புட்டி கழுவுவது சின்னவள் விதிக்கும் தண்டனை. வகுப்பில் யாராவது 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டால் போதும். "நல்லா இருக்குன்னா என்ன? சாப்பாடும் நல்லா இருக்கு, சினிமாவும் நல்லா இருக்கு. மூக்குல என்ன வந்துச்சு, அதைச் சொல்லு!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் வருஷக்கணக்காகக் கேட்ட குரல். கேட்டதோடு சரி. வகுப்பு நடக்கும்போது அவள் முன்னறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. சமையலறை வாசம் கூடவே வருமாம்.

மருந்துக்கடை அம்மாளால் அதற்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உதடு கோணிக்கொண்டு போயிற்று. சட்டென்று கைப்பையைத் திறந்து மூடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியை எடுத்தாள். மூடியைத் திருகி, உள்ளே விரல் விட்டு, மடித்த ஒரு துண்டுத் துணியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுத்தாள். உதடு நேரானது.

அதைப் பார்த்து வாத்தியாரும் பையில் கை விட்டார். அதே மாதிரி ஜாடி. பேக்கரிக்காரர்களிடம் இருவருக்கும் சேர்த்து ஒன்று. டிரைவர் சட்டைப் பையிலிருந்தே எடுத்தார். ஆளாளுக்கு ஒரு துணியை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்கள். வண்டிக்காரர் தம்பியிடம் ஏதோ கிசுகிசுத்தார். தம்பி தோளைக் குலுக்கினான்.

பெரியவள் துணியைப் பார்த்தாள்.

வெளிர் நீலம். பொடிக் கட்டம். துவைத்துத் துவைத்துக் கட்டம் அழிந்துபோனது. வாத்தியார் கையில் இருந்தது வேறு, மஞ்சளில் பொடிப் புள்ளி. டிரைவருடையது ஒரு காலத்தில் பச்சையாக இருந்தது.

நீலம், கொடியிலிருந்து காணாமல் போனது. அடுத்த வீட்டு மாடிக்குக் காற்றில் பறந்திருக்கும் என்று சொன்னாள் சின்னவள். மஞ்சளை, கிழிஞ்சது எதுக்கு என்று கரித்துணிக்குப் போட்டதாகச் சொன்னாள். பச்சையைப் பற்றிக் கேட்டபோது, "உன் நைட்டிக்கு நான் காவலா?" என்று ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள்.

"என்னம்மா அது?" என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"இதுவா அக்கா? துணி" என்றாள் மருந்துக்கடை அம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வகுப்புல சேந்த முத நாளே கையில குடுத்துடுவாங்க. பத்து புட்டி மோந்தா மூக்கு குழம்பிப் போயிடும்ல, எது என்னன்னே தெரியாது. அப்ப இதை எடுத்து மோந்துட்டா எல்லாம் கலைஞ்சு சுத்தமாயிடும். திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். மத்த எடத்துல எல்லாம் அவங்கவங்க முழங்கைய மோந்துக்கச் சொல்லுவாங்களாம். டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க. 'உங்க முழங்கை உங்களுக்கு. இங்க கத்துக்கணும்னா என் துணியிலேருந்துதான் ஆரம்பிக்கணும்'பாங்க."

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல அக்கா. ஒரு வாசனையும் கெடையாது. அதான் அதோட விசேஷம்."

"யாரு சொன்னா ஒண்ணும் இல்லன்னு?" என்றார் டிரைவர்.

"ஆரம்பிச்சுட்டாருப்பா இவரு. டீச்சரை இந்தக் கேள்வி கேட்டுத்தான் போன மாசம் வாங்கிக் கட்டிக்கிட்டாரு."

"நான் ஒண்ணும் வாங்கிக் கட்டிக்கல. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்." டிரைவர் பெரியவளைப் பார்த்துச் சொன்னார். "லேசா மாவுப் பசை மாதிரி. அதுக்கு அடியில வெயில்ல காஞ்ச தாள் மாதிரி. ரொம்ப லேசுதான். மூணு நாலு தடவை மோந்தாத்தான் பிடிபடும். டீச்சர், இதுல வாசனை இருக்குதேன்னு சொன்னேன். வழக்கமா அப்படிச் சொன்னா ஒரு பாராட்டு கெடைக்கும். அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம எந்துணிய வாங்கி அவங்களே மோந்து பாத்தாங்க. ரொம்ப நேரம். அப்புறம் சிரிச்சாங்க. 'இருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்கு மூக்கு வந்தப்பவே அது அங்க இருந்துச்சு'ன்னாங்க. என்ன அர்த்தத்துல சொன்னாங்களோ."



"எந்தக் கடைத் துணின்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?" என்றாள் மருந்துக்கடை அம்மாள். "எனக்கு நைஞ்சுபோச்சு, வேற குடுங்கன்னு கேட்டுட்டே இருந்தேன். 'இப்பக் கெடைக்காது, பழசாகணும், அப்பத்தான்'னு இழுத்தடிச்சுட்டே இருந்தாங்க. கடைப் பேரு தெரிஞ்சா நாங்களே வாங்கிக்குவோம்."

"தெரியலம்மா" என்றாள் பெரியவள்.

டிரைவரின் பார்வை அவள் முகத்திலிருந்து அவள் கைக்குப் போயிற்று. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன பைண்டிங் விரல்கள். அவர் தன் துணியை மெதுவாக மடித்து ஜாடிக்குள் வைத்து மூடினார்.

வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி பெரியவளைப் பார்த்தான்.

"எடுத்துடலாமா பெரியக்கா?"

"இரு" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் படுக்கையறைக்குள் போனாள்.

கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவள் நேற்று வரை உடுத்தியிருந்த நைட்டி தொங்கியது. இன்னும் துவைக்கவில்லை. இப்போதைக்கு இது ஒன்றுதான் பழையது. சின்னவள் இதன் மேல் கண் வைத்திருப்பாள், பழசாகட்டும் என்று காத்திருந்திருப்பாள். மேசை டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தோள்பட்டை இருக்குமிடத்தில், நூலோட்டம் பிசகாமல், கோடு போட்டாற்போல் நான்கு பக்கமும் வெட்டினாள். தாள் மடிப்பதுபோல் இரண்டாக, நான்காக மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

கூடத்துக்கு வந்து, சின்னவளின் வலது கையை எடுத்து, விறைத்த விரல்களுக்கு அடியில் அதைச் செருகினாள். விரல்கள் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக நீவிவிட வேண்டியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"என்ன அண்ணி அது?" என்றாள் தம்பி பொண்டாட்டி.

"ஒண்ணுமில்ல. துணி."

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தம்பியும் பொண்டாட்டியும் கூட இருக்கிறோம் என்றார்கள். "நாளைக்கு வாங்க. இன்னிக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூங்குங்க" என்று அனுப்பிவிட்டாள். கூடத்தில் வாடகை நாற்காலிகள் ஆளில்லாமல் வட்டமாகக் கிடந்தன. வாசலில் பூக்காரர் காலையிலேயே வைத்துவிட்டுப் போன கூடை. விஷயம் தெரிந்தும் வைத்தாரா, பழக்க தோஷத்தில் வைத்தாரா தெரியவில்லை. ஈரத் துணிக்கு அடியில் சம்பங்கி மலர்ந்து கிடந்தது.

டிரைவர் மட்டும் போகாமல் செருப்பைக் கழற்றி விட்டு நின்றார்.

"இந்தப் பூவை என்ன பண்ணப் போறீங்க அக்கா?"

"எனக்குப் பரப்பத் தெரியாது. பொறுக்கத்தான் தெரியும்."

"எனக்கு ஒரு மாதிரி தெரியும். நான் பரப்பட்டுமா? நாளைக்கு நீங்க பொறுக்கிக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பூ அறைக்குப் போனார். தட்டுகளை இறக்கி, பெரிய கைகளால் பூவை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். வரிசை கோணலாகத்தான் வந்தது. சின்னவள் பார்த்திருந்தால் ஒரு பாட்டு பாடியிருப்பாள். பெரியவள் சன்னல் விளிம்பில் நேற்றைய டம்ளரைப் பார்த்தாள். ஆடை கெட்டியாகிச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் காகிதப் பட்டை. எடுத்து முதல் முறையாக மோந்து பார்த்தாள். காகித வாசம்தான் இருந்தது. இருந்த ஒரு சொட்டு எப்போதோ போய்விட்டிருக்கிறது.

"ஒரு டீ போடட்டுமா அக்கா? சக்கரை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் டிரைவர், கடைசித் தட்டை அடுக்கிவிட்டு.

"நீல டப்பா."

அவர் சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. இந்த வீட்டுச் சமையலறையில் வேறு ஒருவர் உருட்டுகிற சத்தத்தை அவள் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

முக்காலியில் உட்கார்ந்தாள். தலையைத் தோள் பக்கமாகச் சாய்த்து, உடுத்தியிருந்த துணியில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். மூன்று நாலு தடவை மோந்தால்தான் பிடிபடும் என்றாரே என்று இன்னும் ஒரு தடவை. ஒன்றும் தெரியவில்லை.

சுவரில் சாய்ந்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது, ஒரு தலை காலங்காலமாகச் சாய்ந்து சாய்ந்து. கண்ணை மூடிக்கொண்டாள்.

காலடி வந்தது. வாசற்படியில் நின்றது. டீயின் சூடு ஆவியாக முகம் வரைக்கும் வந்தது. இப்போது கூப்பிடுவார், அக்கா என்பார், கண்ணைத் திறக்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள்.

டிரைவர் அந்த வீட்டுச் சட்டம் தெரிந்தவர். டம்ளரைச் சன்னல் விளிம்பில் சத்தம் வராமல் வைத்தார். வந்த வழியே நுனிக்காலில் திரும்பி நடந்தார்.